நாளொன்றுக்கு 20 சொல்

(நாமக்கல்லில் ஒரு வீட்டுத் திண்ணை. சமையல் எரிவாயு டேங்கர் ஓட்டும் பழனிச்சாமி, மங்களூரில் ஏற்றிய லோடை இறக்கிவிட்டு வந்த களைப்பில் காலை நீட்டி அமர்ந்திருக்கிறார். அவருடைய அக்கா மகன் செந்தில், அரசுப் பணித் தேர்வுக்காக நாளொன்றுக்கு 20 கடினமான ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறான். சத்தமாகச் செய்கிறான் என்பதுதான் சிக்கல்.)

செந்தில்: மாமா, ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வது வீண் வேலை, ஒரு சூத்திரம் தெரிந்துவிட்டால் நூறு சொற்கள் தாமாகவே கைக்கு வந்துவிடும். முன்னால் 'இன்' சேர்ந்தால் 'இல்லை' என்று பொருள். விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரிவது, இன்விசிபிள் என்றால் தெரியாதது.

பழனிச்சாமி: அப்படியானால் என் வண்டியின் பின்புறம் சாண் உயர எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கிறதே, அதற்கு என்ன பொருள் மாப்பிள்ளை?

செந்தில்: ஃப்ளேமபிள் என்றால் தீப்பற்றக்கூடியது. ஆகவே இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பற்றாதது. முன்னால் 'ஹைலி' வேறு இருப்பதால், துளிகூடத் தீப்பற்றாதது.

பழனிச்சாமி: 22 வருடங்களாக, ஒரு பீடி பற்றவைக்க வேண்டுமென்றால்கூட, வண்டியை ஓரங்கட்டிவிட்டு இரண்டு பர்லாங்கு நடந்துபோய், புளியமரத்தடியில் நின்று குடித்துவிட்டு, வாயையும் கொப்பளித்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். அத்தனை நடையும் வீண் என்கிறாயா? அதே டேங்கரில் ஒட்டியிருக்கும் சிவப்புச் சாய்சதுர வில்லையில் 'ஃப்ளேமபிள் கேஸ்' என்றும் இருக்கிறது. வில்லையைப் பார்ப்பவனுக்குத் தீப்பிடிக்கும், எழுத்தைப் படிப்பவனுக்குத் தீப்பிடிக்காது என்று எரிவாயுவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

(செந்தில் கைப்பேசியில் அகராதியைத் தேடுகிறான். முகம் மாறுகிறது.)

செந்தில்: மாமா, தயவுசெய்து புளியமரத்துக்கு நடந்தே போங்கள். இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள்தானாம். இது 'இல்லை' என்னும் 'இன்' அன்று. இலத்தீனில் 'உள்ளே' என்னும் 'இன்'. தீமூட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல்லாம். யாராவது இதைத் 'தீப்பற்றாதது' என்று எண்ணி விபரீதம் செய்துவிடுவார்களோ என்று அஞ்சி, அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கத்தார் 1920களிலேயே 'இன்'னை வெட்டிவிட்டு எழுதச் சொன்னார்களாம்.

பழனிச்சாமி: நீ பிறப்பதற்கு முன்பே உன்னை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறார்கள். அடுத்த சொல்லைச் சொல், சூத்திரம் வேண்டாம்.

செந்தில்: சேங்ஷன். இதற்கு அனுமதி என்றும் பொருள் உண்டு, தண்டனையாக விதிக்கும் தடை என்றும் பொருள் உண்டு. ஒரே சொல் இரண்டையும் எப்படிக் குறிக்கும் என்பது மட்டும் மனத்தில் ஏற மறுக்கிறது.

பழனிச்சாமி: இதில் என்ன குழப்பம்? வண்டிக் கடன் சேங்ஷன் ஆகிவிட்டது என்று வங்கியில் சொன்ன அன்று முதல் பொருள் விளங்கியது. முதல் தவணை கட்டிய அன்று இரண்டாவது பொருளும் விளங்கிவிட்டது.

(செந்தில் இதை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்கிறான். அன்றைய 20 சொல்லில் அவனுக்குக் கடைசிவரை மறக்காமல் நின்றது இந்த ஒன்றுதான்.)

செந்தில்: அடுத்தது பெனல்டிமேட். அல்டிமேட் என்றால் உச்சம். அதற்கும் மேலே ஒரு படி ஏறினால் பெனல்டிமேட்.

பழனிச்சாமி: அகராதி ஏறியதா, நீயாகவே ஏறினாயா?

செந்தில்: (பார்த்துவிட்டு, குரல் தாழ்ந்து) கடைசிக்கு முந்தையது என்று போட்டிருக்கிறது.

பழனிச்சாமி: அட, நம் ஈற்றயல்! பத்தாம் வகுப்பில் குற்றியலுகரம் நடத்தும்போது, 'கடைசி எழுத்தைப் பார்க்காதே, ஈற்றயலெழுத்தைப் பார். நாக்கு என்பதில் க் நிற்பதால் வன்தொடர், பந்து என்பதில் ந் நிற்பதால் மென்தொடர்' என்று எங்கள் தமிழையா சொல்லுக்கு ஒரு குட்டு வைத்தார். கணக்குப் பாடம் முழுவதும் மறந்துபோயிற்று. ஈற்றயல் மட்டும் இன்னும் மண்டையில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. ஏன் நோட்டை மூடிவிட்டாய்?

செந்தில்: ஒரு கோழித்தீவன நிறுவனத்துக்கு அலுவலக வேலை கேட்டு நேற்றிரவு மின்னஞ்சல் அனுப்பினேன் மாமா. 'நான்தான் உங்களுக்கேற்ற பெனல்டிமேட் விண்ணப்பதாரர்' என்று முடித்திருக்கிறேன்.

பழனிச்சாமி: வரிசையின் கடைசி ஆளுக்கு ஒருவன் முன்னால் நிற்கிறேன் என்று நீயே எழுதிக்கொடுத்திருக்கிறாய். போகட்டும், அடக்கமான பையன் என்று நினைத்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் என்ன எழுதினாய்?

செந்தில்: 'உங்களது எக்ரீஜியஸ் நிறுவனத்தின் விளம்பரம் என்னை மிகவும் எனர்வேட் செய்தது' என்று எழுதினேன். எனர்ஜி போல ஒலிக்கிறதே, உற்சாகம் ஊட்டியது என்று பொருள் வரும் என்று...

பழனிச்சாமி: பார்.

செந்தில்: வலுவை உறிஞ்சிச் சோர்ந்துபோகச் செய்தல். இலத்தீன் மூலத்தில், தசைநாரை உருவியெடுத்தல்.

பழனிச்சாமி: விளம்பரத்தைப் பார்த்த மாத்திரத்தில் கைகால் விழுந்துவிட்டது என்று, ஐம்பது கிலோ தீவன மூட்டை தூக்கும் இடத்துக்கு எழுதியிருக்கிறாய். இன்னொன்றையும் பார்த்துவிடு.

செந்தில்: எக்ரீஜியஸ் என்பதற்கு, மந்தையிலிருந்து விலகி நிற்பது என்பதுதான் மூலப்பொருளாம். 16ஆம் நூற்றாண்டில் தனிச்சிறப்புடையவரை இப்படிப் புகழ்ந்திருக்கிறார்கள். இப்போது மட்டும்... படுமோசமானது என்று பொருளாம். ஆனால் மாமா, பழைய பொருளில் பார்த்தால் நான் எழுதியது சரிதானே?

பழனிச்சாமி: நம் 'நாற்றம்' கூட ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்த சொல்தான். அதற்காகப் பெண் பார்க்கப் போன வீட்டில், 'உங்கள் பெண் தலையில் வைத்திருக்கும் மல்லிகை நாறுகிறது' என்று சொல்லிவிட்டு, காப்பி வரும் என்று உட்கார்ந்திருப்பாயா?

(கைப்பேசி ஒலிக்கிறது. செந்தில் எழுந்து நின்று, 'ஆமாம் சார், சரிங்க சார்' என்று மட்டும் பேசிவிட்டு வைக்கிறான்.)

செந்தில்: நாளைக் காலை பத்து மணிக்கு நேர்காணலுக்கு வரச் சொல்கிறார்கள் மாமா. மேலாளரே பேசினார். 'இதுவரை வந்த விண்ணப்பங்களிலேயே உங்களுடையதுதான் எக்ரீஜியஸ்' என்றார்.

பழனிச்சாமி: பழைய பொருளிலா, புதிய பொருளிலா?

செந்தில்: தெரியவில்லை. குரலில் மட்டும் மிகுந்த பெருமிதம் இருந்தது.

பழனிச்சாமி: அப்படியானால் மறக்காமல் உன் நோட்டையும் எடுத்துக்கொண்டு போ மாப்பிள்ளை. அவரிடமும் ஒன்று இருக்கும்.