“இருந்தது, கொடுத்தார்” என்று எழுதியவருக்கு

காரைக்குடியில் கல்லூரிகள் கட்டிய வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்தநாளுக்கு நான் போட்ட பதிவின் கீழே வந்த அந்த வரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். “இருந்தது, கொடுத்தார். இதுல என்ன பெரிய விஷயம்?” பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. எழுதியவர் முகம் தெரியாத ஆள் என்றால் இவ்வளவு வலித்திருக்காது. என்னோடு அதே கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவர். அழகப்பர் கொடுத்த மண்ணில் உட்கார்ந்து படித்துவிட்டு இதை எழுதியிருக்கிறார்.

இருந்தது, உண்மைதான். கோட்டையூரில் பிறந்தவர், லண்டன் வரை போய்ப் படித்தவர், திருச்சூர்ப் பக்கம் நூற்பாலை நடத்தியவர். பணம் இருந்தது. ஆனால் இருந்தவர்கள் எல்லோரும் கொடுத்துவிட்டார்களா? வியாபாரிக்கு ஒவ்வொரு ரூபாயும் எந்த வழியில் வந்தது என்று தெரியும். அது போனால் திரும்பி வருவதற்கு எத்தனை நாளாகும் என்றும் தெரியும். அப்படிக் கணக்குத் தெரிந்த மனிதன் கை நீட்டிக் கொடுப்பதை “இருந்தது, கொடுத்தார்” என்று இரண்டு வார்த்தையில் முடிக்க எப்படி மனசு வருகிறது?

1947-இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. பணம் படைத்தவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொள்கிறார். அதே விழாவில் அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குகிறேன் என்று அறிவிக்கிறார். அந்த ஆகஸ்டிலேயே காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. கட்டடம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் உட்காரவில்லை.

அப்புறம் சிக்ரி, அதாவது காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம். மத்திய அரசு தேசிய ஆய்வுக்கூடங்களை அமைத்துக்கொண்டிருந்த காலம். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன், மின்வேதியியல் ஆய்வுக்கூடத்தை எங்கள் ஊருக்குக் கொடுங்கள் என்றார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நம் பொட்டல் காட்டுக்கு விஞ்ஞானிகள் குடிவந்தது இப்படித்தான். அந்த 15 லட்சத்தை இன்னொரு ஆலையில் போட்டிருந்தால் யார் கேட்டிருக்கப்போகிறார்கள்?

இதையெல்லாம் செய்தபோது அவர் உடம்பு எப்படி இருந்தது என்று யாராவது யோசித்தீர்களா? தொழுநோய். அந்தக் காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே ஆட்கள் ஒதுங்குவார்கள். அந்த வலியோடுதான் கல்லூரி கல்லூரியாகக் கட்டினார். 1957 ஏப்ரல் 5-ஆம் தேதி இறந்தார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு 48 வயது. குடியிருந்த வீட்டையே பெண்கள் படிப்புக்கு விட்டுக்கொடுத்தார் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். இருந்தது, கொடுத்தாராம்.

பெயருக்காகக் கொடுத்தார் என்பீர்கள். சரி, பெயருக்காகவே இருக்கட்டும். பெயர் வேண்டும் என்று மாளிகை கட்டலாம், கார் வாங்கலாம். கல்லூரி கட்டி ஒருவர் பெயர் வாங்கினால் அதில் யாருக்கு என்ன நஷ்டம்? கல்வி அரசாங்கத்தின் வேலை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரசாங்கம் வரும்வரை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஆலைத் தொழிலாளியின் உழைப்புதானே அந்தப் பணம் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, அதைத் தனியாகப் பேசலாம். ஆனால் அதைக் காட்டி இதை அழிக்காதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா அழகப்பர் இல்லை. பன்னிரண்டடிக்குப் பத்தடி மளிகைக்கடை, அவ்வளவுதான். மகமை என்று, தர்மத்துக்கு ஒதுக்குகிற காசுக்கு ஒரு தகர டப்பா கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும். தினமும் முதல் வியாபாரத்தில் கொஞ்சம் அதில் போய்விடும். ஜூன் மாதம் வந்தால் அதைக் கொட்டி எண்ணுவார். மூட்டை தூக்குகிறவர் பிள்ளை, பக்கத்து டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவரின் மகள், யாராவது ஒருவர் படிப்புக்கு அது போகும். பத்தாவிட்டால் கடன் வாங்கிப் போடுவார். ஒரு வருஷம் அம்மாவின் சங்கிலி அடகில் இருந்தது. திருப்புவதற்கு வைத்திருந்த பணம் ஒரு பையனின் கல்லூரிக் கட்டணமாகப் போய்விட்டது. அம்மா பத்து நாள் அவரோடு பேசவில்லை. நானும் அம்மா பக்கம்தான் நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

அப்பா இறந்த அன்று வாசலில் பந்தலுக்குக் கீழே ஒருவர் சொன்னார்: “கடைக்காரருக்கு என்ன, இருந்தது, கொடுத்தார். வருமான வரிக்குக் காட்டியிருப்பார்.” எனக்குக் காது கேட்கும் தூரத்தில்தான் சொன்னார். அன்றைக்கு என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதே வரியை மறுபடி என் பதிவின் கீழேயே பார்க்கிறேன்.

நண்பரே, நீங்கள் காரைக்குடி வந்தால் வீட்டுக்கு வாருங்கள். அப்பா கட்டிய கட்டணங்களுக்கான ரசீதெல்லாம் ஒரு மஞ்சள் பையில் பீரோவுக்குள் இருக்கிறது. ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. எல்லாம் அந்தப் பிள்ளைகளின் பெயரில்தான் இருக்கின்றன.