தார்ப்பாய்க் கயித்துல எதுக்குங்க குருட்டு முடிச்சு?

சங்ககிரி, நாமக்கல்னா லாரிக்குப் பேர் போன ஊருங்க. ஆனா தார்ப்பாய்க் கயிறு கட்டற லட்சணத்தைப் பாக்கணுமே! லோடு இறக்கற இடத்துல முடிச்சு அவுறாது. உடனே கத்தி. ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் போச்சு. அறுத்ததை ஒட்டுப்போட்டு மறுபடி முடியறாங்க. அந்த ஒட்டு கரெக்டா பாடிக் கொக்கியில வந்து சிக்கும். இந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் அந்தப் பக்கம் தொளதொளன்னுதான் கிடக்கும்.

கடைசி முடிச்சை உருவாஞ்சுருக்காப் போட்டு, வாலை ஒரு சாண் வெளிய விடுங்க. ஒரே இழுப்புல வந்துரும். இறுக்கம் வேணும்னா கயித்துல மேல ஒரு கண்ணி போட்டு, நுனியைக் கொக்கிக்கு அடியில சுத்தி, அந்தக் கண்ணிக்குள்ள விட்டுக் கீழ இழுக்கணும். இதுக்குப் பலம் வேண்டாம், பொறுமை போதும். அதுதான் இல்லையே!

நைலான் நனைஞ்சா நீளும். கொஞ்ச தூரம் ஓடுனதும் நிறுத்தி மறுக்கா இறுக்கணும், எவன் செய்யறான்? ரெண்டு பாய் போட்டா முன்பாய் பின்பாய்க்கு மேல ஏறி நிக்கணும். மாத்திப் போட்டா எதிர்காத்து சந்துல பூந்து பாயைத் தூக்கிரும். ஈரோட்டு மஞ்சள் மூட்டை நனைஞ்சு நிக்கறப்ப பழி மட்டும் மழைமேல!