மூன்று மிஷன் ஆடிவிட்டு எங்களைப் பொய்யர்கள் என்று சொல்லாதீர்கள்

அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன், கடைசி வரைக்கும் பார்த்தேன். பிளேஸ்டேஷனில் வந்த பழைய ரோபோ சண்டை கேமான ஆர்மர்ட் கோர் முதல் பாகத்தை எடுத்து, வீடியோ போட்டவர் மூன்று மிஷன் ஆடிவிட்டு, "இதை இன்றைக்கு மனுஷன் ஆட முடியாது, பழைய ஆட்கள் நம்மிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள்" என்று முடிக்கிறார். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன். அது நல்ல கேம் என்று நாங்கள் சொன்னதைப் பொய் என்றது சுட்டது.

முதலில் கன்ட்ரோல். அந்த கேம் ஜப்பானில் வந்தது 1997 ஜூலையில். கட்டைவிரலால் சுழற்றும் இரண்டு அனலாக் ஸ்டிக் உள்ள டூயல்ஷாக் பேடு வந்தது அதே வருடம் நவம்பரில். அனலாக் ஸ்டிக்கை நம்பி அதை யாரும் செய்யவில்லை. அம்புக்குறி பட்டன்களில் நடப்பதும் திரும்புவதும், பேடின் மேல் விளிம்பிலுள்ள எல்1, ஆர்1-இல் பக்கவாட்டில் நகர்வது, எல்2, ஆர்2-இல் மேலும் கீழும் பார்ப்பது, எக்ஸை அழுத்தினால் எந்திரத்தைப் பாய வைக்கும் பூஸ்டர். இந்த வீடியோவில் எமுலேட்டரில், அதாவது பழைய கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருளில், எல்லாவற்றையும் ஸ்டிக்குக்கு மாற்றி வைத்துக்கொண்டு, இப்போதைய ஷூட்டர் மாதிரி சுழற்றிப் பார்த்துவிட்டு, "எந்திரம் திரும்பவே மாட்டேங்குது" என்கிறார். திரும்பாது தம்பி. கீழே என்ன கால், மேலே எவ்வளவு எடை என்பதை வைத்துத்தான் அது நகரும். எந்திரத்தின் பாகங்களைக் கழற்றி மாட்டும் கராஜுக்குள் போய் அதை மாற்றத்தான் அந்த கேமே இருக்கிறது. நீங்கள் ஒரு தடவைகூட கராஜுக்குள் போகவில்லை.

திரும்பவும் சொல்கிறேன், கராஜுக்குள் போகாதவர் அந்த கேமை ஆடவில்லை. இரண்டு கால் எந்திரத்தின் முதுகில் பெரிய பீரங்கியை மாட்டினால், மண்டி போட்டுத்தான் சுட வேண்டும். நாலு கால், டாங்க் கால் என்றால் ஓடிக்கொண்டே சுடலாம். இதை 'பக்', அதாவது கேமை எழுதியதில் வந்த பிழை, என்று சொல்பவர்களையும் பார்த்தேன். அது பக் இல்லை, பாரம். மக்ராஸ் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடருக்கு எந்திரங்கள் வரைந்த ஷோஜி கவாமோரி வரைந்தவை இவை. அந்த இரும்புக்கு எடை இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு அது தெரிந்தது 2001-இல். எங்கள் ஊர் வீடியோ கேம் கடையில் மணிக்கு 15 ரூபாய். ஆட்டத்தைச் சேமிக்கும் மெமரி கார்டு கடைக்காரருடையது, அதில் இடம் மொத்தமே 15 பிளாக். என் சேவ் மேல் யாரோ ஒரு ஃபுட்பால் கேமை ஏற்றிவிட்டார்கள். மூன்று வாரத்து ஆட்டம் போனது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாள் முதல் மிஷனிலிருந்து ஆரம்பித்தேன். கன்ட்ரோல் அவ்வளவு கேவலமாக இருந்திருந்தால் பதினான்கு வயதுப் பையன் காசு கொடுத்துத் திரும்பப் போயிருப்பானா?

அப்புறம் பணம். அந்த வீடியோவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மிஷன் முடிந்ததும் கூலி வரும். உடனே அதிலிருந்து சுட்ட குண்டுக்கும் வாங்கிய அடிக்கான ரிப்பேருக்கும் கழித்துவிடுவார்கள். ஜெயித்தும் நஷ்டத்தில் வரலாம். கடன் 50,000-ஐத் தாண்டினால் கதையில் எந்திரத்தை ஓட்டும் உங்கள் உடம்பில் அறுவை செய்து, ஆட்டத்தை முதலிலிருந்து ஓட விடுவார்கள். அப்பாவுக்கு அப்போது ஒரு லாரி இருந்தது. ஒவ்வொரு நடை முடிந்து வந்ததும் நோட்டில் வாடகையை எழுதி, கீழே டீசல், டயர், டிரைவர் பேட்டா என்று கழித்துக்கொண்டே போவார். கடைசி வரியைப் பார்த்துவிட்டு நோட்டை மூடி வைப்பார். ஏன் பேசாமல் இருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது அந்தக் கடையில், அந்தத் திரையைப் பார்த்துத்தான். இதைப் பொய் என்கிறீர்களா?

"எல்லாம் நாஸ்டால்ஜியா" என்பீர்கள். போன மாதம்தான் மறுபடி முழுசாக முடித்தேன், நாற்பதை நெருங்கும் வயதில். முதல் இரண்டு மணி நேரம் விரல் கெஞ்சியது. அப்புறம் கை தானாகப் போனது. கடைசி மிஷனில் நகரும் மேடைகள் மேல் தாவி ஏறும் இடம் அன்றைக்கும் மோசம், இன்றைக்கும் மோசம். ஒத்துக்கொள்கிறேன்.

"2023-இல் ஆறாம் பாகம் வந்துவிட்டதே, அதை ஆடலாமே" என்கிறார்கள். ஆடினேன், பிடித்தது. அதற்காக இது குப்பை ஆகிவிடுமா? புதுசு வந்தால் பழசைத் திட்டித்தான் ஆக வேண்டுமா? "யாருக்கும் நேரமில்லை" என்கிறார்கள். நேரமில்லாதவர் ஆட வேண்டாம். தீர்ப்பும் சொல்ல வேண்டாம். ஒரு பொருளுக்கு ஒரு சாயந்திரம்கூடக் கொடுக்காமல், அதை வருடக்கணக்கில் நேசித்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? கேமுக்கு மட்டும் சொல்லவில்லை. பழைய வண்டி, பழைய வீடு, பழைய மனிதர்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரம் தள்ளுகிறோம். அப்பாவின் லாரியையும் ஒருவர் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு இரும்பு விலைக்குத்தான் கேட்டார்.

சரி. தம்பி, இதைப் படித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். ஸ்டிக் இல்லாத பழைய பேடு இரண்டு வைத்திருக்கிறேன். முதலில் கராஜில் அரை மணி நேரம் உட்காரலாம். அதில் வாங்கிய விலைக்கே பாகங்களைத் திருப்பி விற்கலாம், அதனால் பயப்படாமல் மாட்டிப் பாருங்கள். அப்புறம் பாதித் திரை உங்களுக்கு, பாதி எனக்கு.