5 மணிக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும்

(மதுரையில் ஒரு கல்லூரி, பட்டமளிப்பு விழா நாள் காலை. கவுண்ட்டரில் ஒரு தம்பி, எதிரே மகளுக்காக வந்த ஓர் அம்மா.)

தம்பி: வாடகை 300, டெபாசிட் 500, மொத்தம் 800 ரூபாய். 5 மணிக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும்.

அம்மா: எதை?

தம்பி: இன்றைக்கு வாங்குவதைத்தான்.

அம்மா: மூணு வருஷம் பீஸ் கட்டி, புத்தகம் வாங்கி, பஸ் பாஸ் எடுத்துப் படிக்க வைத்து, இன்றைக்குப் பட்டம் வாங்கினால் அதைச் சாயங்காலம் 5 மணிக்குத் திருப்பித் தரணுமா?

தம்பி: ஐயோ, பட்டத்தை இல்லை அம்மா, மேடையில் போடுகிற கவுனை.

அம்மா: அதைத் தெளிவாகச் சொல்லுங்க. பட்டம் எங்களுக்கேதானே?

தம்பி: உங்க பொண்ணுக்கேதான். ஆனால்...

அம்மா: அந்த ஆனாலுக்கு எவ்வளவு?

தம்பி: காசெல்லாம் இல்லை. மேடையில் சீஃப் கெஸ்ட் ஒரு ஃபோல்டர் கொடுப்பார். போட்டோ எடுத்ததும் அந்தப் பக்கப் படியில் இறங்கினால் ஒரு சார் நிற்பார், அவரிடம் அந்த ஃபோல்டரைத் தந்துவிடணும். மொத்தமே 40 ஃபோல்டர்தான் இருக்கு, மேடை ஏறுகிறவர்கள் 900 பேர். அதே ஃபோல்டர்தான் சுற்றிச் சுற்றி வரும்.

அம்மா: அப்போ பட்டத்தையும் திருப்பித் தரணும். நான் சரியாகத்தான் கேட்டிருக்கிறேன்.

தம்பி: அதற்குள் பட்டம் இருக்காது.

அம்மா: பிறகு என்ன இருக்கும்?

தம்பி: ஒன்றும் இருக்காது. ஒரிஜினல் பல்கலைக்கழகத்திலிருந்து வரணும். வந்ததும் ஆபீசில் ஐ.டி. கார்டு, பாக்கி இல்லை என்கிற நோ டியூ சீட்டு, இந்த ரசீது மூன்றையும் காட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அம்மா: தம்பி, நான் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். காலி அண்டாவை வாடகைக்கு விடுவதுதான் என் பிழைப்பு. ஆனால் பந்தியில் உட்கார்ந்தவனுக்குக் காலி அண்டாவைக் காட்டி, போட்டோ பிடித்து, எழுந்திரு என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அது வெறும் ஃபோல்டர் என்று கொடுக்கிறவருக்காவது தெரியுமா?

தம்பி: போன வருஷம் வந்தவர் பாதியில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டார். அதனால் இந்த வருஷம் ரிப்பன் கட்டியிருக்கிறோம்.

அம்மா: சரி, கவுனைக் காட்டுங்க. இது என்ன, கக்கத்தில் தையல் விட்டிருக்கு? ரசீதில் எழுதுங்க.

தம்பி: எதை எழுத?

அம்மா: 'தரும்போதே கிழிசல்' என்று. நான் ஒரு கரண்டி வளைந்திருந்தால்கூட நோட்டில் எழுதித்தான் கொடுப்பேன். நாளைக்கு நீங்கள் என் பொண்ணுதான் கிழித்தாள் என்று 500 ரூபாயைப் பிடித்துக்கொள்வீர்கள். துவைப்பீர்களா இதை?

தம்பி: வருஷத்துக்கு ஒரு தடவை.

அம்மா: விழாவுக்கு முன்பா, பின்பா?

தம்பி: அது டெண்டரைப் பொறுத்தது.

அம்மா: மதுரை வெயிலில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை, அதுவும் கறுப்பு. இதைக் கண்டுபிடித்தவன் யார்?

தம்பி: ஐரோப்பா அம்மா. அந்தக் காலத்தில் அங்கே பல்கலைக்கழகத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சாமியார் படிப்புக்காரர்கள், பாதிரியார் அங்கிதான் போடுவார்கள். எல்லாம் கல் கட்டிடம், உள்ளே ஒரே குளிர். அது அப்படியே ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்று ஒட்டிக்கொண்டு, வெள்ளைக்காரன் 1857ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று இடத்திலும் பல்கலைக்கழகம் தொடங்கியபோது இங்கே வந்துவிட்டது.

அம்மா: அங்கே குளிருக்குப் போட்டான். இங்கே எதற்கு?

தம்பி: இங்கே மரபு.

அம்மா: நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்? மடமடவென்று சொல்கிறீர்களே.

தம்பி: எம்.ஏ. வரலாறு, எம்.ஃபில். இங்கே தொகுப்பூதியம். மற்ற நாளில் ஹால் டிக்கெட் சீல் போடுவேன், இன்றைக்கு கவுன். எம்.ஃபில். என்கிற படிப்பையே யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022ல் நிறுத்திவிட்டது.

அம்மா: அப்போ உங்களுடையதையும் 5 மணிக்குள் திருப்பிக் கேட்டார்களா?

தம்பி: இல்லை அம்மா, ஏற்கெனவே வாங்கினவர்களுக்குச் செல்லும்.

அம்மா: எங்கே செல்லும்? இந்தக் கவுண்ட்டரிலா?

(நான் வரிசையில் இவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன், என் தங்கை கவுனுக்காக. எனக்குப் பின்னால் இன்னும் ஐம்பது பேராவது இருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஒருவர் முனகினார், ஆனால் யாரும் அந்த அம்மாவை நகரச் சொல்லவில்லை. அவர் கேட்டதெல்லாம் நாங்கள் கேட்க நினைத்து, பிள்ளை முகம் சுளிக்குமே என்று விழுங்கியவைதான்.)

தம்பி: சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலில் பி.ஏ. பட்டம் வாங்கினவர்கள் எத்தனை பேர் தெரியுமா அம்மா? ரெண்டே பேர். சி.வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை. ரெண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பிற்பாடு ஓலைச்சுவடியிலிருந்து தொல்காப்பியம், கலித்தொகை என்று தேடிப் பிடித்து அச்சில் போட்டவர்.

அம்மா: ரெண்டே பேரா? அப்போ விழா பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். கொடுத்து வைத்தவர்கள். ஃபோல்டருக்குள்ளேயும் ஏதாவது இருந்திருக்கும்.

தம்பி: இந்த கவுனே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. 2010ல் போபாலில், இந்திய வன மேலாண்மை நிறுவனத்தின் பட்டமளிப்பு விழாவில், மத்திய அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் இது காட்டுமிராண்டித்தனமான காலனி மிச்சம் என்று சொல்லி மேடையிலேயே கழற்றிவிட்டார்.

அம்மா: எத்தனை மணிக்கு?

தம்பி: அது தெரியாது.

அம்மா: 5 மணிக்கு முன்னால்தான் இருக்கும். நல்ல பார்ட்டி. டெபாசிட் முழுசாகக் கிடைத்திருக்கும்.

தம்பி: யுஜிசிகூட 2019ல் கைத்தறியில் போடுங்கள் என்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது.

அம்மா: இது கைத்தறியா?

தம்பி: பாலியஸ்டர்.

அம்மா: தொட்டதுமே தெரிந்தது. சரி, உள்ளே என்ன கலர் உடுத்தலாம்? அவள் கறுப்புச் சுடிதார் எடுத்து வைத்திருக்கிறாள்.

தம்பி: இங்கே பிரச்சினை இல்லை. 2023ல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில்தான் ஆளுநர் வருகிறார், கறுப்பு உடையில் யாரும் வரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார்கள்.

அம்மா: எந்தப் பல்கலைக்கழகம்?

தம்பி: பெரியார்.

அம்மா: இன்னொரு தடவை சொல்லுங்க.

தம்பி: பெரியார் பல்கலைக்கழகம் அம்மா. அவர் பெயரில் இருக்கிற இடத்தில்தான் கறுப்பு கூடாது என்றார்கள். பெரிய சத்தமாகி, அப்புறம் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அம்மா: பார்த்தீர்களா, சுற்றறிக்கைக்கே 5 மணிதான் கெடு. தொப்பி எங்கே?

தம்பி: இந்தாங்க. ஆனால் தூக்கிப் போடக் கூடாது, குஞ்சம் அறுந்தால் 150 ரூபாய். தூக்கிப் போடுவது அமெரிக்கப் பழக்கம். 1912ல் அவர்களுடைய கடற்படை அகாடமியில் படிப்பு முடிந்த அன்றைக்கே அதிகாரித் தொப்பி கொடுத்துவிட்டார்கள். மாணவர் தொப்பி இனி வேண்டாம் என்று பழையதை வீசினார்கள்.

அம்மா: அவனுக்கு வேலை கொடுத்து, வேலைக்கான தொப்பியையும் கொடுத்தார்கள், பழையதை வீசினான். என் பொண்ணு எந்த தைரியத்தில் வீசுவாள்? அது சரி, இத்தனை வம்பு எதற்கு, வராமலே இருந்துவிட்டால்?

தம்பி: வராவிட்டால் 'இன் அப்சென்ஷியா'. அதற்குக் கட்டணம் தனி. வருகிறவர்களைவிடக் கொஞ்சம் அதிகம்.

அம்மா: வராதவனுக்கு அதிகமா? நாற்காலி மிச்சம், சாப்பாட்டுப் பொட்டலம் மிச்சம், கைகொடுக்கிற அலுப்பும் மிச்சம், அதற்குமேல் காசா? கடைக்கு வராதவனிடம் நான் வாடகை வாங்க ஆரம்பித்தால் இந்நேரம் மாடி கட்டியிருப்பேன். போடாத கவுனுக்கு டெபாசிட் உண்டா?

தம்பி: இல்லை.

அம்மா: யாரும் யோசிக்கவில்லை போல. சொல்லிக் கொடுத்துவிடாதீங்க. மேடையில் எத்தனை நேரம் நிற்பாள்?

தம்பி: நிற்கக் கூடாது. நேற்று ஒத்திகையிலேயே சொல்லிவிட்டோம். வலது கையால் கைகுலுக்கி, இடது கையால் வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே நடக்கணும். ஆளுக்கு நாலு விநாடி. ஒரு பொண்ணு சீஃப் கெஸ்ட் காலில் விழப்போய் வரிசையே இடித்துக்கொண்டதால், இந்த வருஷம் ஆசீர்வாதம் ரத்து. 9 மணிக்கு எல்லோரும் உள்ளே உட்கார்ந்துவிடணும், அவர் 11 மணிக்கு மேல் வருவார், நடுவில் எழுந்து பாத்ரூம் போக முடியாது.

அம்மா: பிள்ளைகள் ரெண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்காரணும், அவர் ஏசி காரில் வரணும். யாருக்குப் பட்டம் தம்பி இன்றைக்கு? படிக்காமலே பட்டம் தருவார்களே, அது என்ன?

தம்பி: கௌரவ டாக்டர் பட்டம்.

அம்மா: அதற்கு டெபாசிட் எவ்வளவு?

தம்பி: சும்மா இருங்க அம்மா. இதே மதுரையில் அது தர வேண்டியவருக்கே தரவில்லை. சங்கரய்யா, சுதந்திரப் போராட்டத் தியாகி, அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். 1941ல் பி.ஏ. இறுதித் தேர்வுக்குச் சில நாள் முன்னால் வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டு போய்விட்டான். பரீட்சையே எழுதவில்லை. 2023ல் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் தரலாம் என்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டில் தீர்மானம் போட்டார்கள். வேந்தராக இருந்த ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. உயர்கல்வி அமைச்சர் நவம்பரில் நடந்த பட்டமளிப்பு விழாவுக்கே வரவில்லை. அதே மாதம், நூறு வயதைத் தாண்டிய மனிதர், இறந்துவிட்டார்.

அம்மா: பரீட்சைக்குப் போகவிடாதவன் வெள்ளைக்காரன். வெள்ளைக்காரன் விட்டுப் போன அங்கியை மாட்டிக்கொண்டு இவர்களும் கொடுக்கவில்லை. நல்லவேளை, அவரிடம் போய் எதையும் 5 மணிக்குள் திருப்பித் தா என்று ஒருத்தனும் கேட்க முடியாது.

தம்பி: (கொஞ்சம் சத்தம் குறைத்து) அம்மா, இதெல்லாம் மைக்கில் கேட்கும். பணம் எடுங்க, பின்னால் ஆள் நிற்கிறார்கள்.

அம்மா: இந்தாங்க 800. எனக்கு எங்கே இடம்?

தம்பி: பெற்றோருக்கு வெளியே சாமியானா போட்டிருக்கு. பெரிய எல்.இ.டி. ஸ்கிரீன், நல்லாத் தெரியும்.

அம்மா: ஆடிட்டோரியம் அத்தனை பெரிசாகத் தெரிகிறதே.

தம்பி: முதல் ரெண்டு வரிசை வி.ஐ.பி.

அம்மா: மூணாவது?

தம்பி: வி.ஐ.பி.யோடு வந்தவர்கள்.

அம்மா: அதற்குப் பின்னால்?

தம்பி: ஸ்பான்சர். அப்புறம் பத்திரிகை. அப்புறம் பிள்ளைகள்.

அம்மா: பெற்றவர்கள் ஸ்கிரீனில் பார்க்கணும். வீட்டிலேயே பார்த்திருப்பேனே, அங்கே மின்விசிறியாவது சுற்றும். அந்தச் சாமியானா யாருடையது தெரியுமா?

தம்பி: காலேஜுடையது.

அம்மா: என்னுடையது. கம்பத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கும், போய்ப் பாருங்க. உள்ளே முதல் வரிசையில் கிடக்கிற 12 சோபாவும் எங்கள் கடைதான். போன வருஷ பாக்கியே இன்னும் வரவில்லை, கேட்டால் ஃபைல் மேலே போயிருக்கிறது என்கிறார்கள்.

தம்பி: அப்போ நீங்கள்தான் அந்த சப்ளையரா! அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா. சப்ளையருக்கு உள்ளே போக பாஸ் உண்டு.

அம்மா: பெற்றவளுக்கு?

தம்பி: கிடையாது.

அம்மா: சோபாக்காரிக்கு உண்டு.

தம்பி: உண்டு. சவுண்ட் சர்வீஸ், பூக்கடை, டீக்காரர், எல்லோருக்கும் உண்டு.

அம்மா: எழுதுங்க பாஸ். சோபா எண்ண வந்திருக்கிறேன்.

தம்பி: 12 சோபா எண்ண எவ்வளவு நேரம் என்று செக்யூரிட்டி கேட்பான்.

அம்மா: பி.காம். வரிசை முடிகிறவரை ஆகும் என்று எழுதுங்க. படிக்காதவள், மெதுவாகத்தான் எண்ண வரும்.