கேனனா நிக்கானானு கேக்குறவங்களுக்கு

போன மாசம் ராத்திரி பத்தரைக்கு, செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கப் போற அக்கா பையன் போன் பண்றான். "மாமா, 60டியா டி7000ஆ, ஒரே வார்த்தைல சொல்லுங்க, காலைல வேற ஆளு வந்துருவாங்கனு கடைக்காரர் சொல்றாரு."

ஒரே வார்த்தைல சொல்ற விஷயமாடா இது. ரெண்டுமே 2010ல வந்தது, கேனன் 60டி 18 மெகாபிக்சல், நிக்கான் டி7000 16, இந்த ரெண்டு மெகாபிக்சல வச்சு இன்னும் சண்ட போடுறாங்க பாருங்க, வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா எது எதுனு அவங்களுக்கே தெரியாது.

நான் நிக்கான் கட்சி, அத முதல்லயே சொல்லிடறேன். காரணம் கல்யாண மண்டபம். மாப்ள வெள்ள வேட்டி சட்டை, நம்மூரு நிறம், பின்னாடி வீடியோக்காரர் லைட்டு. வேட்டி வெளுத்துப் போகாம எடுத்தா முகம் இருட்டிடும். ரா ஃபைல்ல, அதாவது கேமரா தன் கைவரிசை காட்டாம அப்படியே சேமிக்கிற ஃபைல்ல, அந்த இருட்ட கம்ப்யூட்டர்ல வெளிச்சம் கூட்டித் தூக்கினா டி7000ல முகம் சுத்தமா எழுந்து வரும், 60டில அதே அளவு தூக்கினா கலர் கலரா புள்ளியும் கோடும் மேல வந்து நிக்கும். ஆனா எடுத்த ஜேபெக்க அப்படியே கொடுக்கணும்னா கேனன் தர்ற தோல் நிறம் தனிதான், இத ஒத்துக்காத நிக்கான்காரன் பொய் சொல்றான்னு அர்த்தம். 60டில திரும்புற ஸ்க்ரீன் வேற இருக்கு, தரையில படுக்காம கோலம் எடுக்கலாம்.

இதெல்லாம் கூட ரெண்டாவதுதாங்க. லென்ஸ்லதான் நான் அடிபட்டேன். முதல்ல நிக்கான் டி3100 வச்சிருந்தேன், பழைய 50எம்எம் 1.8டி லென்ஸ் மலிவா கிடைச்சுதுனு "எல்லா நிக்கான்லயும் ஓடும் சார்"ன ஒரு கடைக்காரர நம்பி வாங்கிட்டேன். மாட்டிச்சு, படமும் வந்துச்சு, ஆட்டோஃபோகஸ் மட்டும் அசையல. அந்த லென்ஸ்குள்ள மோட்டார் கிடையாது, கேமரா பாடில இருக்க மோட்டார்தான் சின்ன ஸ்க்ரூ மாதிரி ஒண்ண வச்சு அதத் திருப்பணும், டி3100ல அந்த மோட்டாரே இல்ல, டி90, டி7000ல இருக்கு. அந்த ஒரு லென்ஸ்க்காகவே பின்னாடி டி7000 வாங்கினேன்னு சொன்னா வீட்ல அடி விழும். கேனன்ல இந்த தலவலி இல்ல, 1987ல இஎஃப் மவுண்ட், அதான் லென்ஸ மாட்டுற வாய், வந்தப்பவே மோட்டார லென்ஸ்குள்ள வச்சுட்டாங்க.

அதனால அவன்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன், உன் ஃப்ரெண்ட்ஸ் யார்கிட்ட என்ன லென்ஸ் இருக்கு? அவன் கூட ஆர்டருக்கு போற ரெண்டு பேருமே கேனன். அப்ப 60டி வாங்குடா, அவங்க லென்ஸையும் மாட்டிக்கலாம்னுட்டேன், சொல்லும்போது கொஞ்சம் வலிச்சுது.

வாங்கும்போது டார்ச் எடுத்துட்டுப் போகச் சொன்னேன். லென்ஸ்குள்ள அடிச்சுப் பாத்தா சிலந்தி நூல் மாதிரி வெள்ளையா கிளை விட்டிருக்கும், அது ஃபங்கஸ், கடலோர ஊருல ரொம்ப சகஜம், விலை எவ்ளோ குறைச்சாலும் தொடாத. அப்புறம் அபெர்ச்சர, அதான் லென்ஸ்ல வெளிச்சம் வர்ற துளைய, 22னு சின்னதா வச்சு வானத்த ஒரு படம், சென்சார் அழுக்கு அத்தனையும் காட்டிக் கொடுத்துடும். எத்தன படம் ஓடிருக்குனு நிக்கான்ல ஜேபெக் ஃபைலே சொல்லிடும், 60டிக்கு கேபிள் போட்டு சாஃப்ட்வேர்ல பாக்கணும். கடைக்காரர் பன்னண்டாயிரம் படம்தான் ஓடிருக்குன்னார், பாத்தா நாப்பதாயிரத்துக்கு மேல. விலை குறைஞ்சுது.

நேத்து வீட்டுக்கு வந்தான். கைல நிக்கான் லென்ஸ கேனன்ல மாட்டுற ஒரு இரும்பு வளையம். "மாமா, அந்த 1.8டில துளைய கையாலயே மாத்துற அபெர்ச்சர் ரிங் இருக்குல்ல, ஃபோகஸ நான் கையால திருப்பிக்கிறேன்"னு எடுத்துட்டுப் போயிட்டான்.