மாமரத்தடியில் 15 நிமிடம்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மாமரத்தடியில் ஆளுக்கொரு பக்கமாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரமாக நிற்கும் டீச்சர் நான்தான். 'பாடம் நடத்தாமலே சம்பளம்' என்று போட்டுப் பரப்பினார்கள். நேற்று மெமோவும் வந்துவிட்டது.

அது அறிவியல் வகுப்பு. வாரம் ஒரு நாள் 15 நிமிடம் யாரும் பேசக் கூடாது. கண்ணில் பட்டதை, காதில் விழுந்ததை அப்புறம் நோட்டில் எழுத வேண்டும். தாழ்ந்த கிளையில் முசுறு எறும்புகள் இலைகளை இழுத்துப் பிடிக்க, ஒன்று மட்டும் வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு ஓரத்தில் போய்ப் போய் வந்ததாக ஒரு பையன் எழுதியிருந்தான். அந்த வெள்ளை, எறும்பின் புழு. அது விடும் பட்டு நூலில்தான் கூடே ஒட்டுகிறது. நான் சொல்லித்தரவில்லை, அவனே பார்த்தான். இது அறிவியல் இல்லையென்றால் வேறு எது?

சிலபஸ் என்பீர்கள். முடித்துவிட்டேன், பதிவேட்டைப் பாருங்கள். பாம்பு வந்தால்? நியாயமான பயம். அதனால்தான் முதலில் நான் போய்க் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். 'பரீட்சைக்கு வருமா' என்று கேட்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

வீட்டில் ஒரு சாவுக்குப் பிறகு இரண்டு மாதம் வாயே திறக்காத பிள்ளை ஒருத்தி. அவள் நோட்டில் இவ்வளவுதான் இருந்தது: 'அணில் கத்திச்சு. எனக்கு அழுகை வந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு.' அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் நானும் அழுதேன்.

ஆதாரம் கேட்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். அவர்கள் நோயாளிகள், பிள்ளைகள் இல்லைதான். ஆனால் ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் பிள்ளைகள் சாயங்காலம் அமைதியாக உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பதற்கு 'அஸ்தாசல்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அங்கே கல்வியாக இருப்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி வெட்டிப்பொழுது ஆகிறது?

படம் எடுத்தவர் காம்பவுண்டுக்கு வெளியே நின்றிருந்தார். கேட் திறந்துதான் இருந்தது. உள்ளே வந்து 'என்ன டீச்சர் செய்றீங்க' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 19 வருட சர்வீஸில் என்னை யாரும் இப்படி ஒளிந்து நின்று படம் எடுத்ததில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மெமோவுக்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். 38 நோட்டுகளையும் கட்டி, அதோடு வைத்துக் கொடுக்கப்போகிறேன். அந்தப் பிள்ளையின் நோட்டைத் தவிர.