உச்சவரம்பு யாருக்கு லாபம்?
சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்தால் முதியவர்கள் வீட்டை இழக்க மாட்டார்கள் என்கிறார் இந்த வரி பற்றி எழுதிய கட்டுரையாளர். பாதி சரி. கலிபோர்னியா 1978-லேயே இதைச் செய்து பார்த்துவிட்டது. அங்கு மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆவது முன்மொழிவு (Proposition 13) என்ற சட்டத்தின்படி, சொத்தின் மதிப்பில் 1 சதவீதம்தான் வரி. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. விளைவு? ஒரே தெரு, ஒரே அளவு வீடு. நேற்று வாங்கியவர் கட்டுவது முப்பது வருடமாக இருப்பவரைவிடப் பல மடங்கு. வணிக வளாகங்களுக்கும் இதே சலுகை! அதை நீக்கும் முயற்சி 2020 வாக்கெடுப்பில் தோற்றது. உள்ளாட்சிகளின் சொத்து வரி வருவாய் சட்டம் வந்ததுமே பாதிக்கும் கீழே போய், அதை நம்பியிருந்த பள்ளிகள் மாநில அரசின் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. முதியவர்களுக்கு மட்டும் வரியைத் தள்ளிவைத்து, வீடு விற்கும்போது வசூலித்தால் போதாதா?